கூடாரத்தில் படுக்கவா அமெரிக்கா போனீங்க?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு படம் போட்டிருந்தேன். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில், டிஸ்னி வேர்ல்டு வளாகத்துக்குள்ளேயே ஃபோர்ட் வில்டர்னஸ் என்று ஒரு முகாம் இடம் இருக்கிறது. அங்கே மகள் குடும்பத்தோடு பாப்-அப் டிரெய்லரில் நான்கு இரவுகள் தங்கியிருந்தேன். அந்த டிரெய்லரும், அதன் முன்னால் உட்கார்ந்து பாத்திரம் துலக்கும் என் பேரனும்தான் படத்தில் இருந்தார்கள்.

வந்த கருத்துகளைப் பாருங்கள். ஒன்றுவிட்ட தம்பி எழுதுகிறான்: "அக்கா, கூடாரத்துல படுக்கவா அமெரிக்கா போனீங்க?" பழைய மாணவர் ஒருவர்: "டீச்சர், மாப்பிள்ளை ஓட்டல் ரூம் போடலையா?" கலிஃபோர்னியாவில் இருக்கும் இன்னொருவர்: "கரண்ட், பாத்ரூம் எல்லாம் இருந்தா அதுக்குப் பேரு கேம்பிங்கா டீச்சர்?" சொந்தத்தில் ஒரு பெண்: "படிக்கிற பிள்ளையைப் பாத்திரம் கழுவ விட்டிருக்கீங்களே பெரியம்மா, பாவம்."

நான்கு பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத, நான்கும் ஒரே நோயின் நான்கு அறிகுறிகள் என்று தோன்றியது. ஆகவே ஒரே பதிலாக எழுதுகிறேன். கோபமாக இருந்தால் மன்னிக்க வேண்டாம். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பயணத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய நன்மை அந்த டிரெய்லரால் வந்தது. தீம் பார்க் அதற்கு அடுத்தபடிதான். பார்க்குக்குள் அவர்கள் காசு கொடுத்து வந்த வாடிக்கையாளர்கள். டிரெய்லரில் அவர்கள் வீட்டு ஆட்கள். ஒரு பிள்ளை வாடிக்கையாளராக வளர வேண்டுமா, வீட்டு ஆளாக வளர வேண்டுமா என்பதுதான் கேள்வி. அமெரிக்கா, கூடாரம், ஓட்டல் எல்லாம் அப்புறம்.

இடத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சில விவரங்கள். டிஸ்னி வேர்ல்டு திறந்தது 1971 அக்டோபர் 1-ஆம் தேதி. அடுத்த மாதமே, நவம்பர் 19 அன்று, ஃபோர்ட் வில்டர்னஸ் திறக்கப்பட்டது. கோட்டையும் ராட்டினமும் கட்டிய அதே ஆண்டில், பக்கத்திலேயே பைன் மரக் காட்டுக்குள் கூடாரம் போடுவதற்கும் இடம் ஒதுக்கினார்கள். சுமார் 750 ஏக்கர். 800 அளவில் முகாம் இடங்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீர்க் குழாய், மின்சார இணைப்பு, மரமேசை, கரி அடுப்பு. நடக்கிற தூரத்தில் வெளிச்சமான கழிப்பறை, வெந்நீர்க் குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம். ஓர் இடத்தில் 10 பேர் வரை தங்கலாம். பே லேக் என்ற ஏரிக்கரையில் படகு ஏறினால் மேஜிக் கிங்டம் பார்க் வாசலில் இறங்கலாம். ஏரியில் குளிக்கக் கூடாது, முதலை இருக்கும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பகலில் மான் வரும், காட்டு வான்கோழி வரும். இரவில் பொது இடத்தில் நெருப்பு மூட்டி, பிள்ளைகளைச் சேர்த்துப் பாட்டுப் பாடி, திறந்த வெளியில் படம் போடுகிறார்கள்.

இனி டிரெய்லர். மடித்தால் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பெட்டி. விரித்தால் ஒரு சின்ன வீடு. மேலே கெட்டியான கூரை, சுற்றிலும் கித்தான் துணிச் சுவர், இரண்டு முனையிலும் வெளியே நீட்டுகிற படுக்கை. உள்ளே ஒரு சின்ன அடுப்பு, ஒரு தொட்டி, மேசை. பெரிய லாரி எதுவும் வேண்டாம், குடும்ப வேனே இழுத்துக்கொண்டு போகும். மாப்பிள்ளை இதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார். அட்லாண்டா பக்கத்திலிருந்து சுமார் 700 கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு வந்தோம்.

முதல் கேள்விக்கு வருகிறேன். கூடாரத்தில் படுக்கவா அமெரிக்கா போனேன்?

தம்பி, உனக்கு ஏன் கூடாரம் என்றால் சிரிப்பு வருகிறது என்று எனக்குத் தெரியும். நம் ஊரில் கூடாரம் என்றால் புயல் வெள்ளத்துக்குப் பிறகு போடுவது. வீடு இல்லாதவர்கள் சாலையோரம் கட்டுவது. மாடி வீடு கட்டி, அதற்கு மேல் இன்னொரு மாடி எழுப்பினால்தான் முன்னேற்றம் என்று இரண்டு தலைமுறையாக நம்பிவிட்டோம். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் பட்ட பாடு இருக்கிறது, அதை நான் கேலி செய்ய மாட்டேன். வேறு வழியில்லாமல் துணிக்குள் படுப்பதும், விரும்பிப் போய்ப் படுப்பதும் ஒன்றல்ல. வீட்டு வாடகை கட்ட முடியாமல் டிரெய்லரிலேயே வாழ்கிறவர்கள் அந்த நாட்டிலும் இருக்கிறார்கள். இந்த வித்தியாசத்தைப் பேரன் பேத்தியிடமும் சொன்னேன். நாம் நான்கு நாள் விளையாடுகிற வீட்டில் இன்னொருவர் வருஷம் முழுக்க வாழ்கிறார் என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

ஆனால் சிரிப்பதற்கு இதில் எதுவும் இல்லை. ஓட்டல் அறையில் பிள்ளை என்ன செய்கிறது? கதவைத் திறக்கிறது, படுக்கையில் குதிக்கிறது, தொலைக்காட்சியைப் போடுகிறது. அழுக்குத் துண்டைத் தரையில் போடுகிறது. சாயங்காலம் வந்து பார்த்தால் துண்டு புதிதாக மடித்து இருக்கிறது. யார் எடுத்தார், யார் மடித்தார் என்று அதற்குத் தெரியாது. உலகம் தானாகச் சுத்தமாகும் என்று கற்றுக்கொள்கிறது. இந்தப் பாடத்துக்கு நாம் காசும் கொடுக்கிறோம்.

டிரெய்லரில் எதுவும் தானாக நடக்காது. முதலில் வண்டி இடது வலது சமமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். காரிலிருந்து கழற்றுவதற்கு முன்பே, தாழ்ந்த பக்கச் சக்கரத்தைப் பலகை மேல் ஏற்ற வேண்டும். பிறகு சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. அதற்கு அப்புறம்தான் கொக்கியைக் கழற்றலாம். முட்டு வைக்காமல் கழற்றினால் வண்டி உருண்டுவிடும். பிறகு முன் ஜாக்கியைச் சுற்றி முன்பின் சமம் பார்க்க வேண்டும். நான்கு மூலையிலும் ஊன்றுகால் இறக்க வேண்டும். கைப்பிடியைச் சுற்றச் சுற்றக் கூரை எழும்பும். படுக்கைகளை வெளியே இழுத்து அடியில் தாங்குகம்பி கொடுக்க வேண்டும். கம்பி கொடுக்காமல் ஏறிப் படுத்தால் படுக்கை கீழே இறங்கிவிடும். கடைசியில் துணிச் சுவரை இழுத்து ஒட்ட வேண்டும்.

என் பேத்திக்கு 8 வயது. அவளுக்குக் கொடுத்த வேலை ரசமட்டம் பார்ப்பது. கொத்தனார் வைத்திருப்பாரே, அதேதான். குமிழி நடுவில் வந்தால்தான் அடுத்த வேலை. அப்பா வண்டியை ஏற்றும்போது "ஸ்டாப்" சொல்கிற அதிகாரம் அவளுக்கு. மூன்று முறை சொன்னாள், மூன்று முறையும் அவர் நிறுத்தினார். வீட்டில் அவள் சொல்லி ஒரு பெரியவர் ஒரு வேலையை நிறுத்தியது அன்றுதான் முதல் தடவையாக இருக்கும். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பேரனுக்கு 11 வயது. அவன் காருக்கும் டிரெய்லருக்கும் நடுவே இரண்டு சங்கிலியைக் குறுக்காக மாட்டுவதைப் பார்த்து, "ஏம்ப்பா நேரா மாட்டாம எக்ஸ் மாதிரி மாட்டறீங்க?" என்று கேட்டான். கொக்கி தப்பித்தவறிக் கழன்றால், டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் குறுக்குச் சங்கிலி தொட்டில் மாதிரி ஏந்திக்கொள்ளும். சாமான்களை எங்கே வைக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் முன்பக்கம் கொக்கி மேல் அழுந்த வேண்டும். பின்பக்கம் கனத்தால் ஓடும்போது வண்டி வாலாட்டும். நெம்புகோலைக் கரும்பலகையில் முக்கோணம் போட்டு வருஷா வருஷம் நடத்தியவள் நான். எத்தனை பிள்ளைக்கு அது புரிந்தது, எத்தனை பேர் பரீட்சைக்கு மட்டும் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியும். இவன் தண்ணீர் கேனைப் பின்னாலிருந்து முன்னால் தூக்கி வைத்தபோது, ஒரு பாடவேளை மிச்சம்.

இது ஒன்றும் நான் கண்டுபிடித்த தத்துவம் இல்லை. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதல் வருஷமே சொல்லிக் கொடுத்ததுதான். மாண்டிசோரி அம்மையார் 1907-ல் ரோமில் ஏழைக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளியில், தண்ணீர் ஊற்றுவதும் பொத்தான் போடுவதும் மேசை துடைப்பதும் பாடங்களாக இருந்தன. காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியின் அடிப்படையே கைவேலை வழியாகப் படிப்பது. நாங்கள் எல்லாரும் இதைப் படித்தோம், தேர்வில் எழுதினோம், மதிப்பெண் வாங்கினோம். வகுப்புக்குப் போனதும், "கையைக் கட்டு, வாயில விரல வை" என்றோம்.

இரண்டாவது கேள்வி, மாப்பிள்ளை ஏன் ஓட்டல் அறை போடவில்லை. காசு மிச்சம் பிடித்தாரா என்று கேட்காமல் கேட்கிறீர்கள். ஆமாம், அறை வாடகையை விட இது குறைவுதான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் காசுக்காக மட்டும் என்றால் நெடுஞ்சாலை ஓரத்தில் மலிவான விடுதிகள் இருக்கின்றன. இன்னொன்றும் சொல்கிறேன். வாடகை டிரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்தி, விரித்து, சமம் பார்த்து, படுக்கை போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். முதுகு வலி உள்ளவர்களுக்கு அது நல்ல வசதி. திடமான அப்பாவும் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும்போது அந்த வசதியை வாங்கினால், பயணத்தின் நல்ல பாதியைக் காசு கொடுத்துத் தூக்கி எறிந்ததாக அர்த்தம்.

காசு என்று வந்ததால் பார்க்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் பார்க்குக்கு எதிரி இல்லை. ஏறினேன், சுற்றினேன், வாணவேடிக்கை பார்த்தேன், கைதட்டினேன். ஆனால் ஒரு விஷயம் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அங்கே 1999-ல் 'ஃபாஸ்ட்பாஸ்' என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். டிக்கெட் வாங்கிய எல்லாருக்கும் அது இலவசம். 2021-ல் அந்த இடத்துக்குக் காசு கட்டும் முறை வந்தது. இப்போது 'லைட்னிங் லேன்' என்று பெயர். கூடுதல் காசு கட்டினால் குறுகிய வரிசை, கட்டாவிட்டால் நீண்ட வரிசை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. நீண்ட வரிசையில் நிற்கும் குழந்தை, காசு கட்டிய குழந்தை ஓடிப் போவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது.

முதல் வகுப்பில் நாங்கள் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் "அ" இல்லை. வரிசை. உயரமானவன் பின்னால், குட்டையானவன் முன்னால். கலெக்டர் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் சத்துணவுத் தட்டோடு ஒரே வரிசை. பணம் இருந்தால் முந்தலாம் என்பதைப் பிள்ளைகள் என்றைக்காவது தெரிந்துகொள்ளத்தான் போகிறார்கள். விடுமுறைக்குக் கூட்டிப் போய் அதைப் பரிசாகக் கற்றுக்கொடுக்க வேண்டுமா? முகாம் இடத்தில் குளியலறைக்கு ஒரே வரிசைதான். பெரிய பேருந்து போன்ற சொகுசு வண்டியில் வந்தவர்களின் பிள்ளையும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் பின்னால் நின்றது. காலை ஏழு மணிக்கு எல்லாரும் வாயில் பிரஷ்ஷோடு "குட் மார்னிங்" சொல்லிக்கொண்டார்கள்.

மூன்றாவது, கலிஃபோர்னியா தம்பி. கரண்ட் இருந்தால் அது கேம்பிங்கா என்கிறீர்கள். நீங்கள் முதுகில் மூட்டை கட்டி மலையேறுகிறவர், உங்களுக்கு அது அழகு. ஆனால் உண்மையான முகாம், போலி முகாம் என்று கோடு கிழிப்பவர்களை நான் நெடுநாளாகக் கவனிக்கிறேன். பெரும்பாலும் ஆண்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பது யார் தெரியுமா? மாதவிலக்கு நாளில் இருக்கும் பெண். இரவில் மூன்று முறை எழுந்து போக வேண்டிய என்னைப் போன்ற கிழவி. இன்னும் படுக்கையை நனைக்கும் குழந்தை. சர்க்கரைக்கு இன்சுலின் ஊசி போடுகிறவர், அதைக் குளிரில் வைக்க வேண்டியவர். வெளிச்சமான ஒரு கழிப்பறையும் ஒரு பிளக் பாயிண்ட்டும் இருந்தால், இத்தனை பேரும் காட்டுக்குள் ஓர் இரவு தூங்கலாம். அது முகாமைக் கெடுக்கிறது என்றால், கெடட்டும். கிராமத்துப் பள்ளியில் கழிப்பறை இல்லாததால் பெரிய வகுப்பு வந்ததும் நின்றுபோன பெண் பிள்ளைகளை எனக்குத் தெரியும். வசதி என்ற சொல்லைக் கேலியாகச் சொல்லும் உரிமை எல்லாருக்கும் கிடையாது.

வசதியைப் பற்றிப் பேசும்போது என் பெண் மக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே நம்மவர் குடும்பங்கள் இரண்டு மூன்று சேர்ந்து முகாம் போடுவதைப் பார்க்கிறேன். ஆண்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து விசா, வீட்டுக் கடன், பங்குச் சந்தை என்று பேசுகிறார்கள். பிள்ளைகள் போனோடு. பெண்கள் மூன்று வேளையும் மின்சார அடுப்பு முன்னால். ஐஸ் பெட்டியில் தோசை மாவு, சாம்பார்ப் பொடி, பொடித்து வைத்த தேங்காய்ச் சட்னி, "அவருக்கு காலையில டிபன் இல்லாட்டி ஆகாது". வீட்டில் இருக்கும் அடுப்படியை விட வசதி குறைந்த இன்னோர் அடுப்படிக்கு 700 கிலோமீட்டர் பயணம் செய்து வருவதற்குப் பெயர் விடுமுறையா? அம்மா அடுப்பை விட்டு நகராத முகாமில் பிள்ளைகள் எதையும் கற்கவில்லை. பழையதையே மறுபடி படித்தார்கள்.

எங்கள் டிரெய்லரில் முதல் நாளே ஒரு தாளில் வேலைப் பட்டியல் எழுதி ஒட்டினேன். பள்ளியில் கரும்பலகை துடைக்க ஒருவர், தண்ணீர்ப் பானை நிரப்ப ஒருவர் என்று போடுவோமே, அதே மாதிரி. சமையல் இரவு மட்டும், ஒரே பாத்திரத்தில் ஆகிற உணவு. இரண்டு நாள் மாப்பிள்ளை, இரண்டு நாள் மகள். காலையில் ரொட்டி, பழம், பால். பாத்திரம் பேரன். மேசை துடைப்பதும் குப்பையை மூடிக் கட்டுவதும் பேத்தி. குப்பை மூட்டையை அணில் பிரிக்காமல் கட்டுவது சாதாரண வேலை இல்லை. எனக்கு விளக்கு அணைப்பதும் கதை சொல்வதும். மாப்பிள்ளை சமைத்த சாதம் ஒரு நாள் குழைந்துவிட்டது. யாரும் செத்துப் போகவில்லை.

இனி நான்காவது கருத்து. "படிக்கிற பிள்ளையைப் பாத்திரம் கழுவ விட்டிருக்கீங்களே, பாவம்." நான் உட்கார்ந்து இந்தப் பதிவை எழுதக் காரணமே இந்த ஒரு வரிதான்.

அம்மா, நீ அன்பாகத்தான் எழுதினாய். ஆனால் அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்று பார். படிக்கிற பிள்ளை கழுவக் கூடாது என்றால், கழுவுகிற பிள்ளை யார்? படிக்காத பிள்ளையா? வேறு யாரோ ஒருவரின் பிள்ளையா? நம் வீட்டில் தட்டைச் சாப்பிட்ட இடத்திலேயே வைத்துவிட்டு எழும் பையன், அந்தத் தட்டை எடுக்க ஒருத்தர் பிறந்திருக்கிறார் என்று நம்பித்தான் எழுகிறான். முதலில் அது அம்மா. பிறகு வேலைக்கு வரும் அம்மா. அதற்குப் பிறகு மனைவி.

பள்ளிக்கூடத்திலும் இதைப் பார்த்தேன். பள்ளியில் பிள்ளைகளை வேலை வாங்கக் கூடாது என்று இன்று சொல்கிறார்கள். ஏன் சொல்ல வேண்டி வந்தது? எல்லாப் பிள்ளைகளையும் வேலை வாங்கியதால் அல்ல. குறிப்பிட்ட தெருப் பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டுக் கழிப்பறை கழுவச் சொன்னதால். அது குற்றம், தண்டிக்க வேண்டிய குற்றம். இந்த நாட்டில் வேலை என்பதே தண்டனையாகவும் சாதியாகவும் ஆகிப்போனதால், நல்ல அப்பா அம்மாக்கள் தங்கள் பிள்ளையை எல்லா வேலையிலிருந்தும் காப்பாற்றப் பார்க்கிறார்கள். எனக்குப் புரிகிறது. ஆனால் மருந்து அது இல்லை. எல்லா வேலையும் எல்லாருக்கும் முறை வைத்து என்பதுதான் மருந்து. பேடன் பவல் 1907-ல் பிரவுன்சீ தீவில் சாரணர் இயக்கத்துக்கு வித்திட்ட முதல் முகாமை நடத்தியபோது, வசதியான வீட்டுப் பையன்களையும் உழைப்பாளி வீட்டுப் பையன்களையும் ஒரே அணிகளில் கலந்துவிட்டார். முகாமின் அர்த்தமே அதுதான். காட்டில் வைத்துச் சாதாரண வேலையின் மேல் ஒட்டியிருக்கும் அசிங்கத்தைக் கழுவி விடுவது.

கடைசி நாள் விடியற்காலை மழை. கித்தான் முழுக்க நனைந்துவிட்டது. ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடித்துத் துணி மக்கிவிடும். ஆனால் பதினொரு மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். வேறு வழியின்றி ஈரத்தோடு மடித்துக்கொண்டு கிளம்பினோம். வீட்டுக்கு வந்து சேர இரவு ஒன்பதாகிவிட்டது. மறுநாள் காலை மாப்பிள்ளை அலுவலகம் போய்விட்டார், மகளுக்குக் கணினியில் கூட்டம். நான் காபி குடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், பேரன் வாசலில் டிரெய்லருக்கு முட்டுக்கட்டை வைத்துக்கொண்டிருக்கிறான். யாரும் சொல்லவில்லை. தங்கையைக் கூப்பிட்டு ரசமட்டம் பார்க்கச் சொன்னான். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன், கை கொடுக்கவில்லை. கூரையை எழுப்பினான், துணியை விரித்தான், பழைய துண்டால் மடிப்பு மடிப்பாகத் துடைத்தான். "அம்மாச்சி, சாயங்காலம் வரைக்கும் திறந்தே இருக்கணும், மழை வந்தா சொல்லுங்க" என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டு உள்ளே போனான்.

பார்க்கில் வாங்கிய பொம்மை வாள் அன்றைக்கே ஒடிந்துவிட்டது. இது ஒடியாது.

எங்களிடம் அமெரிக்காவும் இல்லை, டிரெய்லரும் இல்லை, டீச்சர் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்காகவே சொல்கிறேன். நம் ஊரிலும் பல பள்ளிகள் கல்விச் சுற்றுலா என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைத் தீம் பார்க்கில் இறக்கிவிடுகின்றன. பணம் கட்டிய பிள்ளைகள் பஸ்ஸில் பாட்டுப் போட்டுக்கொண்டு போவார்கள். கட்டாத பிள்ளைகள் அன்றைக்கும் சீருடையில் வந்து பாதி காலியான வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகளோடு அப்படிப்பட்ட நாட்களில் உட்கார்ந்திருந்தவள் நான். மறுநாள் மற்றவர்கள் ராட்டினக் கதை பேசும்போது அவர்கள் முகத்தையும் பார்த்தவள். அந்தப் பணத்தில் கால்வாசி போதும், பள்ளி மைதானத்திலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓர் இரவு முகாம் நடத்தலாம். தார்ப்பாய், கயிறு, நான்கு மூங்கில், ஒரு பெரிய பாத்திரம், வானத்தில் நட்சத்திரம். கழிப்பறை வெளிச்சமாக இருக்க வேண்டும், பெண் ஆசிரியர்கள் கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெற்றோர்களே, பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளே, மூன்று விஷயம் கேட்கிறேன்.

ஒன்று, அடுத்த விடுமுறைப் பயணத்தில் பிள்ளை செய்யாவிட்டால் நிஜமாகவே நின்றுபோகிற ஒரு வேலையை அதற்குக் கொடுங்கள். ஒப்புக்குக் கொடுக்கிற வேலையைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரண்டு, அந்த வேலை மெதுவாக நடக்கும், கோணலாக நடக்கும். வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். பிடுங்கிச் செய்யாதீர்கள்.

மூன்று, பட்டியலில் அப்பாவின் பெயரும் இருக்கட்டும். மகனுக்கும் மகளுக்கும் ஒரே வேலை வரட்டும். முறை மாறி மாறி வரட்டும்.

மாறுபட்ட கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள், படித்துப் பதில் சொல்கிறேன். ஆனால் எழுதும் முன் ஒன்று. மதியம் நீங்கள் சாப்பிட்ட தட்டு இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.